பக்கத்துலதான் போறேன்



கொஞ்சம் நீளமான பதிவு இது. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள். கார் வைத்திருப்பவர்களுக்கும், கார் வாங்க லோன் விசாரித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், கார் ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் எழுதுகிறேன்.

நம் ஆரம்பாக்கத்தில் கார் சாவியைக் கையில் எடுத்ததும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி, "தூரமா, பக்கத்துலயா?" என்பதுதான். தூரம் என்றால் திருப்பதி, காஞ்சிபுரம், சென்னை ஏர்போர்ட். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முந்தின நாளே டயரில் காற்று பார்ப்போம். ராத்திரி சீக்கிரம் படுப்போம். காலையில் சாமி கும்பிட்டு, பெல்ட் போட்டுக்கொண்டு கிளம்புவோம். "மெதுவா போப்பா, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று வாசல் வரை வந்து சொல்வார்கள்.

பக்கம் என்றால் கும்மிடிப்பூண்டி பஜார், எளாவூர், தடா. அதற்கு இதெல்லாம் கிடையாது. லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் ஏறி ஸ்டார்ட் பண்ணிவிடுவோம். பெல்ட் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். பேரன் முன் சீட்டில் நின்றுகொண்டு வருவான். யூ-டர்ன் தூரமாக இருக்கிறதென்று எதிர்ப்பக்கமாகவே ஓரமாக ஓட்டிக்கொண்டு போவோம். கேட்டால், "இதோ, பக்கத்துலதானே சார்" என்பார்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நம் ஊர்க்காரர்களுக்குக் காரில் போகிற விஷயத்தில் "பக்கம்" என்று ஒன்று கிடையாது. நாம் பஜாருக்குப் போகிற ரோடுதான் தேசிய நெடுஞ்சாலை 16. பெரியவர்கள் இன்னும் பழைய பேரில் என்.எச்.5 என்பார்கள். சென்னையில் கிளம்பி நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர் தாண்டிக் கல்கத்தா வரை போகிற ரோடு. தங்க நாற்கரச் சாலையின் ஒரு பக்கம். அதில் நீங்கள் நாலு கிலோமீட்டர் போனாலும், உங்கள் பக்கத்தில் வருகிறவன் நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருப்பான். உங்களுக்கு அது ஊர்த்தெரு. அவனுக்கு அது கல்கத்தா ரோடு. ஒரே ரோட்டை இரண்டு பேரும் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

கும்மிடிப்பூண்டிக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 60 வேகத்தில் போனால் 12 நிமிடம். 80இல் போனால் 9 நிமிடம். 100இல் போனால் 7 நிமிடம் 12 விநாடி. ஆக, 60க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து நிமிடம்கூட இல்லை. பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது. பக்கத்து ஊருக்குப் போகிறவனுக்கு வேகத்தால் கிடைக்கிற லாபம் அவ்வளவுதான்.

இப்போது நஷ்டக் கணக்கு. முன்னால் ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடியாவது ஆகும். அந்த ஒரு விநாடியில் 60 வேகத்தில் 17 மீட்டர் போயிருப்பீர்கள். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. இதே 80 வேகத்தில் 22ம் 35ம், மொத்தம் 57 மீட்டர். 100 வேகத்தில் 28ம் 55ம், மொத்தம் 83 மீட்டர். இது காய்ந்த ரோடு, நல்ல டயர், முழு கவனம் இருக்கும்போது. மழையில் இதைவிட எவ்வளவோ கூடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் வர்க்கம் நடத்தும்போது சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பரீட்சைக்குத்தானே என்று அன்றைக்குத் தூங்கியவர்கள் இன்றைக்காவது விழித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை நம் ரோட்டின் இருட்டோடு சேர்த்துப் பாருங்கள். டிம் லைட்டில் சுமார் 50 மீட்டர் வரைதான் தெளிவாகத் தெரியும். 60இல் போகிறவர் 37 மீட்டரில் நின்றுவிடுவார். 80இல் போகிறவருக்கு 57 மீட்டர் வேண்டும். அவர் ஒரு பொருளைப் பார்க்கும்போதே அதற்கு முன்னால் நிற்கிற வாய்ப்பு போய்விட்டது. அவர் எவ்வளவு கெட்டிக்கார டிரைவர் என்பது அதற்கப்புறம் உதவாது.

நம் பகுதியில் அந்தப் "பொருள்" எது என்று எல்லோருக்கும் தெரியும். ஓரமாக நிற்கிற லாரி. எளாவூர் சோதனைச் சாவடிக்கு முன்னும் பின்னும், டீக்கடை வெளிச்சத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பாதி ரோட்டிலும் பாதி மண்ணிலுமாக நிற்கும். பார்க்கிங் லைட் எரியாது. பின்னால் ஒட்டிய ரிஃப்ளெக்டர் மேல் சேறு அப்பியிருக்கும். இரும்புக் கம்பி ஏற்றிய லாரி என்றால் பாடியைத் தாண்டிக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணி, அதுவும் ராத்திரியில் கறுப்புதான்.

காரும் காரும் மோதினால் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஏர்பேக் விரியும். நின்ற லாரியின் பின்னால் மோதினால் அப்படி இல்லை. லாரியின் பாடி உயரத்தில் இருக்கிறது. காரின் பானெட் அதற்கு அடியில் புகுந்துவிடும். அடி நேராகக் கண்ணாடிக்கும், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற முகத்துக்கும் வரும்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பையன் அப்படித்தான் போனான். பேர் வேண்டாம். ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். குடிப் பழக்கம் கிடையாது. பழைய கார் ஒன்றை வாங்கி, அப்பா அம்மாவை உட்காரவைத்துத் திருவண்ணாமலை வரை பத்திரமாகக் கூட்டிப்போய் வந்தவன். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்குக் குழந்தைக்கு மருந்து வாங்கக் கிளம்பினான். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட வரவில்லை. துக்கம் விசாரிக்கப் போனபோது அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்கள். "பக்கத்துலதான் சார் போனான். தூரமா போயிருந்தா நான் பயந்திருப்பேன். பக்கத்துலதான் போனான்."

அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உங்களுக்குச் சொல்ல இருக்கிறது.

இருட்டில் 60க்கு மேல் போகாதீர்கள். எதிரில் வண்டி இல்லாதபோது பிரைட் போட்டு முன்னால் ஒருமுறை பாருங்கள், எதிரில் வண்டி வந்தால் உடனே டிம் பண்ணுங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். உள்ளே படிந்த மெல்லிய அழுக்குதான் எதிர் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று விநாடி இடைவெளி விடுங்கள். அளப்பது சுலபம். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று மனசுக்குள் எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டினால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

உங்கள் கார் நடு வழியில் நின்றுவிட்டால் முடிந்தவரை மண் ஓரத்துக்குத் தள்ளுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். காரோடு கொடுத்த சிவப்பு முக்கோணம் டிக்கியில் பிரிக்காமல் கிடக்கும், அதை எடுத்து ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். காருக்குப் பின்னால் நின்று டிக்கியைக் குடையாதீர்கள். காருக்குள்ளும் உட்கார்ந்திருக்க வேண்டாம். எல்லோரையும் இறக்கி ரோட்டைவிட்டுத் தள்ளி நிற்கவைத்த பிறகு 1033க்குப் போன் பண்ணுங்கள். அது தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண்.

அடுத்தது ராங் சைடு. இது நம் ஊரின் சொந்த வியாதி.

யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போய்த் திரும்ப நான்கு கிலோமீட்டர் கூடுதல். ஐந்து நிமிடம், முப்பது ரூபாய் பெட்ரோல். அதை மிச்சம் பிடிக்கத்தான் எதிர்த்திசையில் ஓரமாக ஊர்ந்து போகிறோம். நீங்கள் 30இல் போகிறீர்கள், எதிரில் கார் 80இல் வருகிறது. இரண்டும் சேர்ந்து 110. அதாவது விநாடிக்கு 30 மீட்டர். ஐம்பது மீட்டரில் அவர் உங்களைப் பார்த்தால், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை விநாடிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். அதில் ஒரு விநாடி கால் பிரேக்குக்குப் போவதற்கே சரியாகிவிடும். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது எதிர்த்திசையில் ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்ற 184ஆவது பிரிவிலேயே சேர்த்துவிட்டார்கள். சட்டம் கிடக்கட்டும். முப்பது ரூபாய்க்கு இந்தப் பந்தயம் வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள்.

லாரிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் ஒருவர் டீக்கடையில் எனக்குப் பழக்கம். முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். ஒரு நாள் அவரிடம், "உங்களுக்கு எந்த வண்டியைக் கண்டால் பயம்?" என்று கேட்டேன். பஸ் என்பார் என்று நினைத்தேன். அவர் தெலுங்கும் தமிழும் கலந்து சொன்னார்: "சின்னக் கார்தான் மாஸ்டாரு. லெஃப்ட்ல வந்து பக்கத்துலயே நிக்கும். எனக்கு அது தெரியவே தெரியாது. நான் திரும்பினா சக்கரத்துக்கு அடியில போயிடும். சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தெரியும்."

அவர் சொன்னதில் மூன்று பாடம் இருக்கிறது. ஒன்று, லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் கார் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் தங்காதீர்கள். ஒன்று தாண்டுங்கள், இல்லை பின்வாங்குங்கள். இரண்டு, நீளமான டிரெய்லர் சிப்காட் பக்கம் திரும்பும்போது முன்பக்கம் அகலமாகப் போகும், பின் சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடம் இருக்கிறதே என்று அந்த உள்பக்கத்தில் நுழைந்தால் அது மூடிக்கொள்ளும் கதவு. மூன்று, லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் நம் ரோட்டில் இரண்டு அர்த்தம் உண்டு. "நீ முந்திப் போ" என்றும் இருக்கலாம், "நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன்" என்றும் இருக்கலாம். எது என்று உறுதியாகத் தெரியும்வரை முந்தாதீர்கள். சில லாரிகள் வலது லேனிலேயே போகும், இடதுபக்கம் முந்துவதைத் தவிர வழியில்லை என்பீர்கள். ஹாரன் அடியுங்கள், லைட்டைக் காட்டுங்கள், கொஞ்சம் காத்திருங்கள். அதற்கும் வழி விடாவிட்டால் அவர் பின்னாலேயே போங்கள். நாம்தான் பக்கத்தில் போகிறவர்கள் ஆயிற்றே, என்ன அவசரம்?

இனி ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளைகளுக்கு. நம் வீடுகளில் பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியிலோ வேலை பார்க்கிறார்கள். கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு நான்கு பேர் சேர்ந்து ஒரு காரில் போய் வருவது இப்போது பெருகியிருக்கிறது. செலவு குறைவு, சீக்கிரம் வீடு சேரலாம். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வரும்போது பின் சீட்டில் மூன்று பேரும் தூங்கிவிடுகிறார்கள். ஓட்டுகிறவன் மட்டும் தூங்கக் கூடாது. அவனும் ராத்திரி முழுக்க மெஷின் முன்னால் நின்றவன்தானே?

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவர் அளவுக்கு மந்தமாகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்து எழுதினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டுக் குடிக்காத பிள்ளைகூடத் தூக்கமில்லாவிட்டால் குடித்தவனைப் போலத்தான் ஓட்டுவான். 80 வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் 67 மீட்டர் யாரும் ஓட்டாத கார் அது. பாட்டைச் சத்தமாக வைப்பதும், கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும் தூக்கத்தைத் தீர்க்காது. கம்பெனி பார்க்கிங்கிலேயே ஒரு டீ குடித்துவிட்டு இருபது நிமிடம் சீட்டைச் சாய்த்துத் தூங்குங்கள். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் விழித்துப் பேசிக்கொண்டு வர வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு முறை வையுங்கள். எதிரில் வரும் லாரிக்காரரும் விடிய விடிய ஓட்டி, விடியற்காலையில் நம் ஊரைத் தாண்டுகிறவர்தான் என்பதையும் மறக்காதீர்கள்.

பெல்ட்டைப் பற்றிப் பேசினால் "சார், ஏர்பேக் இருக்கு" என்கிறார்கள். ஏர்பேக், பெல்ட் போட்டவருக்குக் கூடுதல் துணை. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிற உடம்பை அது வெடித்து விரிகிற வேகத்தில் எதிர்கொண்டால் அதுவே அடியாகும். இன்னொரு கணக்கு. 50 வேகத்தில் மோதுவது என்பது பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 80 என்றால் 25 மீட்டர், எட்டாவது மாடி. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாவிட்டால் பேரனை ஏறவிடுவோமா? காரில் அந்தக் கைப்பிடிச் சுவர்தான் பெல்ட்.

"மடியில் வைத்துக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 50 வேகத்தில் வந்த கார் பத்தில் ஒரு பங்கு விநாடியில் நின்றால், பத்துக் கிலோ குழந்தையைப் பிடிக்க 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். அது எந்தத் தாய்க்கும் கிடையாது, அன்பு எவ்வளவு இருந்தாலும். குழந்தைக்குப் பின் சீட்தான் இடம். அதற்கென்று விற்கும் குழந்தை சீட்டில் உட்காரவைத்துக் கட்டுங்கள். பெயர் சூட்டு விழாவுக்கு வெள்ளிக் கொலுசு வாங்குகிற மாமாக்கள் நாலு பேர் சேர்ந்து இதை வாங்கிக் கொடுக்கலாம்.

பின் சீட்டுக்குப் பெல்ட் எதற்கு என்பவர்களுக்கு 2022 செப்டம்பர் 4ஐ நினைவூட்டுகிறேன். டாடா சன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்திலிருந்து மும்பைக்குக் காரில் வந்தார். பால்கர் மாவட்டத்தில் சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதியது. காரில் இருந்த நான்கு பேரில் முன் சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். விலை உயர்ந்த மெர்சிடிஸ் கார் அது. அவ்வளவு விலை உயர்ந்த கார் கொடுக்காத பாதுகாப்பை நம் பழைய ஆல்டோவின் பின் சீட் கொடுக்குமா? பின் சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது சட்டம். போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம்.

பெல்ட் போடாமல் பீப் சத்தத்தை மட்டும் நிறுத்த ஒரு சின்ன கிளிப் விற்றார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு இணையக் கடைகளிலிருந்து அதை நீக்கச் சொன்னது. நம் பிள்ளைகளின் கார்களில் அது இன்னும் சொருகியிருக்கிறது. தயவுசெய்து பிடுங்கி எறியுங்கள். அம்மாவுக்கு வயிற்றை அழுத்துகிறதென்றால் பட்டையை வயிற்றில் போடாமல் இடுப்பெலும்பு மேல் தாழ்த்திப் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் அதே முறைதான். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், மேல்பட்டை மார்புக்கு நடுவில்.

மழைக்காலம் வருமுன் டயரைப் பாருங்கள். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும். வழுக்கையான டயர் தேங்கிய தண்ணீர் மேல் மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. மழையில் ஓடும்போது நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டு போகும் பழக்கம் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. ஹெட்லைட்டை டிம்மில் போட்டால் போதும். மார்கழிப் பனியிலும் அப்படித்தான். பிரைட் போட்டால் பனி வெள்ளைச் சுவராகத்தான் தெரியும்.

பெற்றோருக்கு ஒன்று. "ஊருக்குள்ளதான் ஓட்டுறான் சார், ரோட்டுக்குப் போகமாட்டான்" என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவி கொடுக்கிறீர்கள். இதுவும் "பக்கத்துலதான்" கதைதான். பதினெட்டு வயதாகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவின்படி பெற்றவருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஸ்ரீசிட்டியிலோ சிப்காட்டிலோ டிரைவிங் லைசென்ஸ் கேட்கிற வேலை அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?

இத்தனைக்குப் பிறகும் விபத்து நடக்கும், நம் கண் முன்னால் நடக்கும். அப்போது வீடியோ எடுக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து இல்லையென்றால் காயப்பட்டவரை இழுத்துப் போடாதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். போலீஸ், கேஸ் என்று பயப்பட வேண்டாம். உதவி செய்கிறவரைக் காப்பாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இருக்கிறது. பேரைச் சொல்லும்படிகூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பணத்துக்கு யார் பொறுப்பு என்ற பயமும் வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதலமைச்சர் தொடங்கிவைத்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. காயப்பட்டவர் ஆந்திராக்காரரா, ஒடிசாக்காரரா என்று கேட்க மாட்டார்கள். எல்லையில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒரே ஒரு எண். 2022இல் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். 365ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 49. நான் பாடம் நடத்திய காலத்தில் என் வகுப்பில் அநேகமாக அவ்வளவு பிள்ளைகள்தான் இருப்பார்கள். தினமும் காலையில் ஒரு வகுப்பறை முழுக்கக் காலியாகிறது என்று நினைத்துப் பார்க்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஒரு பேருக்குப் பதில் வராவிட்டாலே மனசு என்னவோ செய்யும் எனக்கு.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மூன்று விஷயம் முடிவு பண்ணுங்கள். எவ்வளவு பக்கமானாலும், எத்தனை பேர் ஏறினாலும், எல்லோரும் பெல்ட் போட்ட பிறகுதான் கார் நகரும். யூ-டர்ன் எவ்வளவு தள்ளி இருந்தாலும் அங்கே போய்த்தான் திரும்புவோம். இருட்டினால் 60. மூன்றே மூன்றுதான், மனப்பாடம் பண்ணக்கூட வேண்டாம்.

தெலுங்கு மட்டும் பேசுகிற அக்கம்பக்கத்து நண்பர்களுக்கு யாராவது இதை வாயால் சொல்லிவிடுங்கள். இந்த வழியில் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். நான் விட்டதை உங்கள் அனுபவத்திலிருந்து கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் உபயோகப்படும்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
ஆரம்பாக்கம்